வாழையிலை வெட்டப் போன கத்தி

முனியாண்டி துணை

பூனாகலை,
மேல் டிவிசன் லயம்,
ஞாயிற்றுக்கிழமை.

என் பெருமதிப்புக்குரிய சம்பந்தி கணபதி அவர்களுக்கு, கந்தப்பன் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொள்வது.

'சம்பந்தி' என்று போடலாமா கூடாதா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தேன். வேலாயி அடுப்படியிலிருந்து, "அண்ணன்னு போடுங்க. அது எப்படியும் பொய்யாகாது" என்றாள். ஆனாலும் சம்பந்தி என்றே போட்டிருக்கிறேன், மனம் கேட்கவில்லை. அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் ரமேஸ் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சுகமில்லை. இந்த வீட்டில் சுகமாக இருப்பது பசுமாடு ஒன்றுதான், அதற்கு நடந்தது எதுவும் தெரியாது.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் மச்சானிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை வந்து சேர்ந்தது: "கொஞ்ச நாள் போகட்டும், பாப்போம்." பெண் வேண்டாம் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கும் தெரியும் சம்பந்தி, நானும் நாலு கல்யாணத்துக்குப் பேச்சுக்கால் போனவன்தான். அதனால்தான் இந்தக் கடிதம். பரிசம் பேச நீங்கள் வந்த அன்று, குறுக்குப் பாதையில், பனிக்குள்ளிருந்து பெரிய கத்தியோடு வந்து நின்ற ஆள் ரவுடி அல்ல, கொலைகாரன் அல்ல. பெண்ணைப் பெற்ற நான்தான். உங்களுக்குச் சாப்பாடு போட வாழையிலை வெட்டப் போயிருந்தேன்.

அந்தக் கத்தி வந்த கதையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் விளங்கும். நிஷாந்தினி பண்டாரவளையில் பார்மசியில் வேலை செய்கிறாள் அல்லவா, பஸ்ஸை விட்டு இறங்கி வருகிற பாதை இருட்டு, அவளுக்கு ஒரு டோர்ச் வாங்குவோம் என்று ஜஸீல் நானா கடைக்குப் போனேன். மலையேற வருகிற வெள்ளைக்காரர்களுக்குக் கூடாரம், கயிறு, மழைக்கோட்டு எல்லாம் விற்கிற கடை. அங்கே சுவரில் தொங்கியது அந்தக் கத்தி. முழ நீளம். முதுகில் ரம்பம் மாதிரிப் பல். நுனிக்குக் கிட்ட முதுகு உள்வாங்கி, கிளிமூக்காக மேலே ஏறுகிறது. பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி, அந்த மூடியைத் திருகினால் உள்ளே குழாய், குழாய்க்குள் தீக்குச்சி, நூல், தூண்டில் முள். வாலிப வயதில் பதுளை தியேட்டரில் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்தேன், அதில் கதாநாயகன் தனியாளாகக் காட்டுக்குள் இதே மாதிரி ஒரு கத்தியை வைத்துக்கொண்டு ஒரு பட்டாளத்தையே சமாளித்தார். பேசியது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை, அவரும் அதிகம் பேசவில்லை. கத்தி மட்டும் மனதில் நின்றுவிட்டது. நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு ஜஸீல் நானா, "கந்தப்பண்ணே, அது காட்டுல கூடாரம் அடிக்கப் போறவனுகள் வாங்குற சாமான். ஒங்களுக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். என்னத்துக்கா! இந்தக் கை வாழ்நாளெல்லாம் கவ்வாத்து வெட்டிய கை. மலை மலையாகத் தேயிலைக்கு மொட்டையடித்தவனைப் பார்த்துக் கத்தி என்னத்துக்கு என்று கேட்டால் ரோசம் வருமா வராதா? வாங்கிவிட்டேன். டோர்ச் வாங்க மறந்துவிட்டேன்.

அதன் தோல் உறையைத் தொடையில் கட்ட வேண்டுமாம், அதற்கென்று வார் இருக்கிறது. நானும் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே கட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். கட்டினால் உட்கார முடியாது என்பது ஏறிய பிறகுதான் தெரிந்தது. சீட் இருந்தும் பூனாகலை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் தம்பி என் தொடையைப் பார்த்துவிட்டு, சண்டையெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சே தாத்தா என்று சிங்களத்தில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. வீட்டுக்கு வந்தால் வேலாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது வெங்காயம் வெட்டவா, ஊர வெட்டவா?" என்றாள். நிஷாந்தினிதான் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா, கொஞ்சம் மொறச்சுப் பாருங்க" என்று போனில் படம் வேறு எடுத்தாள். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்புக்காகவே இன்னும் இரண்டு கத்தி வாங்கலாம் என்று நினைத்தேன் சம்பந்தி. நான் ஒரு மடையன்.

சும்மா சொல்லக் கூடாது, கத்தியை நான் அலமாரியில் வைத்துப் பூசிக்கவில்லை, வெளியே கொண்டுபோய் வேலை வாங்கத்தான் பார்த்தேன். முதலில் மாட்டுக்கு மானாப்புல் அறுக்கப் போனேன். அரிவாள் என்றால் சரக்கென்று அறுக்கும். இது புல்லின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போனது. சரி, இது புல்லுக்கான கத்தி இல்லை என்று ஒரு பிலாக்காயை வைத்து ஒரே வெட்டு வெட்டினேன். நன்றாக இறங்கியது, ஆனால் வெளியே வரவில்லை. முதுகுப் பல் பாலில் ஒட்டிக்கொண்டு, கத்தியைப் பிலாக்காயிலிருந்து எடுக்க என் பழைய கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவர வேண்டியதாகப் போயிற்று. பிறகு ஒருநாள் நல்ல பனி. கை நீட்டினால் கை தெரியாத பனி. திசைகாட்டியை இன்றைக்குச் சோதித்துப் பார்க்காமல் என்றைக்குப் பார்ப்பது? முள் ஆடி ஆடி நின்றது. வடக்கு எது என்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. வீடு வடக்கில் இருக்கிறதா தெற்கில் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை, பிறந்ததிலிருந்து வீட்டுக்குப் போக எனக்கு வடக்கு தேவைப்பட்டதில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் தப்பாமல் போகிற மலையில், முள்ளை நம்பிப் போய், தொரை பங்களாப் பூந்தோட்டத்துக்குள் நின்றேன். காவல்காரர், "என்னண்ணே, தொரைகிட்ட மனு குடுக்க வந்தீங்களா, தொரைய பங்களாவையே குடுத்துட்டுப் போகச் சொல்ல வந்தீங்களா?" என்று என் தொடையைப் பார்த்தபடி கேட்டார். நாய்கள் கேட்டதை எழுத விரும்பவில்லை.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். விடிந்ததிலிருந்து வீடு ஒரே பரபரப்பு. வேலாயி கோழிக்கறிக்கு மசாலை அரைக்கிறாள், நிஷாந்தினி சேலையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருக்கிறாள். இலை வெட்டுவது என் பொறுப்பு. "மீன் வெட்டுற கத்திய எடுத்துட்டுப் போங்க, போதும்" என்று வேலாயி தலைபாடாக அடித்துக்கொண்டாள். கேட்டேனா? சம்பந்தி சாப்பிடுகிற இலையை மீன் வெட்டிய கத்தியால் வெட்டுவதா என்று புதுக் கத்தியை எடுத்தேன். ஆனால் நல்ல காரியத்துக்குப் புது இரும்பை எடுக்கும்போது சாமிக்குக் காட்டாமல் எடுக்கலாமா? உங்கள் கொஸ்லந்தயிலும் அதுதானே வழக்கம். கவ்வாத்து தொடங்குகிற அன்று கத்தியையெல்லாம் சாமிக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைக்காத தோட்டம் உண்டா? அதனால் முதலில் முனியாண்டி மரத்தடிக்குப் போனேன். பூசாரிக்கு அப்படி ஒரு கத்தியைக் கண்டதும் கை நிற்கவில்லை. "இம்மாம் பெரிய கத்திக்கு இத்தினூண்டு பொட்டு வச்சா சாமி கோவிச்சுக்குவாரு" என்று சொல்லிக் குங்குமத்தை அள்ளி அள்ளிப் பூசினார். எலுமிச்சம்பழத்தை வெட்டி, அதிலும் குங்குமம் தோய்த்து, கத்திமேல் பிழிந்துவிட்டார். சிவப்பு நீர் நுனியிலிருந்து சொட்டி என் முழங்கை வரை வழிந்தது, வெள்ளை வேட்டியிலும் தெறித்தது. குளிருக்குத் துண்டை நான் தலையில் இறுக்கிக் கட்டியிருந்தேன். அப்போதே கண்ணாடி ஒன்று யாராவது காட்டியிருந்தால் நான் நேரே வீட்டுக்குப் போயிருப்பேன்.

போகவில்லை. குறுக்குப் பாதை ஓரத்து வாழைக்கொல்லைக்குள் இறங்கினேன். தோட்டத்து ரோட்டில் வேலை நடக்கிறது, வேனை மேலேயே விட்டுவிட்டுக் குறுக்குப் பாதையால் நடந்து வாருங்கள் என்று உங்களுக்குச் சொன்னதும் நான்தான், அதுவும் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. பனி இறங்கிவிட்டது. முதல் இலையை வெட்டினேன், முதுகுப் பல் மாட்டிக் கிழிந்தது. இரண்டாவது இலையும் கிழிந்தது. மூன்றாவது அழகான தலைவாழை இலை, உங்களுக்கென்று மனதில் குறித்து வைத்திருந்த இலை, அதுவும் நார் நாராகப் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கத்தியைப் பார்த்து, "இன்னிக்கு ஒன்ன விடப் போறதில்லடா! நீயா நானா பாத்துருவோம்!" என்று கத்தினேன். கத்தியைத்தான் சொன்னேன் சம்பந்தி, முனியாண்டிமேல் ஆணை. பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. நீங்கள்தான் வந்துவிட்டீர்கள் என்று சந்தோஷத்தில் அப்படியே வெளியே வந்தேன், வலது கையில் கத்தி, இடது கையில் கிழிந்த இலை.

அங்கே கவ்வாத்துக் கத்தியோடு நான் நின்றிருந்தால், "என்ன சம்பந்தி, இன்னைக்குமா வேலை?" என்று கேட்டிருப்பீர்கள். அது இதைவிட நாலு மடங்கு கூர்மை. ஆனால் இது வேலைக்காரன் கத்தியில்லை, படத்தில் வருகிறவன் கத்தி. அதைக் கண்டு நீங்களும் சம்பந்தியம்மாவும் உங்கள் மச்சானும் திரும்பி ஓடியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பனியில் முதுகுகள்தான் தெரிந்தன. முன்னால் ஓடியவர் யாரென்று தெரியவில்லை, உங்கள் மச்சானாகத்தான் இருக்க வேண்டும், அந்த ஏற்றத்தில் அப்படி ஓர் ஓட்டத்தை நான் மான்களிடம்கூடக் கண்டதில்லை. "நில்லுங்க! நில்லுங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டு நானும் பின்னால் ஓடி வந்தேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடியிருக்கக் கூடாதா என்று வேலாயி இன்று வரைக்கும் கேட்கிறாள். சாமிக்கு வைத்துப் பொட்டிட்ட இரும்பை மிதிபடுகிற மண்ணில் போடலாமா? நீங்களே சொல்லுங்கள். அதனால் கீழே படாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அது பார்ப்பவர்களுக்கு வேறு மாதிரித் தெரியும் என்று அப்போது தோன்றவில்லை. மேல் திருப்பத்தில் பிடி கழன்று, தகடு பறந்து தேயிலைக்குள் போய் விழுந்தது. எனக்குக் கையில் அந்தக் குழாயும் திசைகாட்டியும்தான் மிச்சம். நீங்கள் போன திசை வடக்கு.

இனி மனதில் இருப்பதை எழுதுகிறேன். நிஷாந்தினி அழவில்லை. அழுதிருந்தால் அழாதம்மா என்று சொல்கிற வேலையாவது எனக்கு இருந்திருக்கும். சேலையைத் தானே அவிழ்த்து, மடிப்புக் கலையாமல் மடித்து, அலமாரியில் வைத்தாள். சமைத்ததைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து அனுப்பினாள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "நீ எல்லாம் ஒரு அப்பனா" என்று ஏசிவிட்டால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! மாலையில் வழக்கம் போலப் பஸ் நிற்கிற இடத்துக்கு அவளைக் கூட்டிவரப் போகிறேன். முன்பெல்லாம் கடைக்கு யார் வந்தார்கள், என்ன மருந்து கேட்டார்கள், எந்தக் கிழவர் இருமல் பாணியைக் கடையிலேயே குடித்துப் பார்த்தார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். இப்போது முன்னால் நடக்கிறாள், நான் பின்னால் நடக்கிறேன். அவ்வளவுதான். ரமேஸ் மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது சம்பந்தி. அவள் வாய் திறந்து சொல்லவில்லை, போனில் பேசும்போது அவள் குரல் மாறுவது பெற்றவனுக்குத் தெரியாதா? என் பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டது அதிகமில்லை. கிடைக்கப் போகிறது என்ற ஒன்றையும் நான் கத்தியைத் தூக்கிக்கொண்டு துரத்திவிட்டேன் என்று நினைக்க நினைக்க நெஞ்சு வலிக்கிறது.

ஆகவே, கோபமென்றால் என்னை ஏசுங்கள். கல்யாணத்தன்று பந்தலுக்கு வெளியே நில் என்றால் நிற்கிறேன், தாரை வார்க்க மட்டும் உள்ளே விட்டால் போதும். அந்தக் கத்தி இப்போது என்னிடம் இல்லை. அன்றைக்கே முனியாண்டி காலடியில் சேர்த்துவிட்டேன், இனிமேல் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். பெண்ணை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் அணையாமலும், மாப்பிள்ளையின் மரக்கறி லொறி வெலிமடை வளைவுகளில் வழுக்காமலும், சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி சீக்கிரம் நீங்கியும், எல்லோரும் நீடூழி வாழ வேண்டுகிறேன். வேலாயியும் கும்பிட்டதாக எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
இனிமேல் அரிவாள் தவிர வேறு எதையும் தொடாத,
கந்தப்பன்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போடப் போகிற நேரத்தில் வாசலில் லொறி வந்து நின்றது. ரமேஸ் மாப்பிள்ளை! ஒரு கட்டு லீக்ஸையும் ஒரு பை கரட்டையும் வேலாயி கையில் கொடுத்தார், உட்காரக்கூட இல்லை, "மாமா, அந்தக் கத்தி எங்க?" என்றார். சாமிகிட்ட இருக்கு என்றேன். "பொய். மாட்டுக் கொட்டகைக் கூரையில சொருகி இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல். நிஷாந்தினி என்னைப் பற்றி ஒரு முழு வசனம் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆமாம் சம்பந்தி, மேலே எழுதியது பொய்தான். தேயிலைக்குள் தேடி எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன், பல்லு வச்ச கத்தி சாமிக்கு ஆகாது என்று பூசாரி திருப்பிவிட்டார். இப்போது மாப்பிள்ளை வாசலில் குந்திக்கொண்டு பிடியை ஒட்டுகிறார், இவள் தகட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் மாடு திரும்பிப் பார்க்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி, அவர் சொன்னது: "அப்பா கோவத்துல இல்ல மாமா. வெக்கத்துல இருக்காரு. கத்தியோட வந்தது நீங்கதான்னு இவ போன்ல சொல்லி அன்னைக்கே தெரியும். தாம்பாளத்த அம்மா கையில திணிச்சுட்டு, கூட வந்த எங்க மாமாவையும் முந்திக்கிட்டு ஓடி, வேனுக்குள்ள ஏறிக் கதவ உள்ளுக்குப் பூட்டிக்கிட்டாராம். அம்மா வெளியில நின்னு தட்டித்தான் தெறந்தாராம். வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் அம்மா அதச் சொல்றாங்க. அப்பா கடைத்தெருப் பக்கமே போறதில்ல. கந்தப்பன் மொகத்துல எப்படி முழிப்பேன்னு ஒக்காந்திருக்காரு." இதைத் தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டார், அதனால் நான் சொல்லவில்லை. ஐயோ சம்பந்தி, அந்த ஓட்டத்தை நான் மானோடு ஒப்பிட்டு எழுதி வைத்திருக்கிறேனே! கிழித்துப் போட்டு வேறு எழுதுகிறேன் என்றேன், அவர் விடவில்லை. "அப்படியே குடுங்க மாமா, அப்பா சிரிச்சு நாளாச்சு" என்று கையோடு வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். நிஷாந்தினியும், மாமாவைக் கேட்டதாக எழுதச் சொல்கிறாள்.

வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள். வாருங்கள். இலையை வேலாயி வெட்டி வைப்பாள். யாராவது வாயைத் திறந்து அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் நான் இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்: உங்களைக் கண்டதும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடியது கந்தப்பன்தான், நீங்கள் பின்னாலேயே வந்து, "பயப்படாதீங்க சம்பந்தி" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். சம்பந்தியம்மாவிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற அப்பன் பயந்து ஓடினான் என்றால் ஊர் நம்பும் சம்பந்தி. அதில் பொய்யும் அவ்வளவாக இல்லை.